பலாப் பலகையில் எழுத்துப் பதிக்க அக்ரிலிக் ஜெல்

தங்கையின் புது வீட்டுக்குப் 'பொழில்' என்ற பெயர்ப்பலகை செய்வதற்காக, செங்கோட்டைக் கடைவீதியில், தாளில் அச்சிட்ட எழுத்தை மரத்துக்கு மாற்ற உதவும் பசை போன்ற அக்ரிலிக் ஜெல் ஒரு குப்பி வாங்கினேன். லேசர் பிரிண்ட் கேட்டிருந்தும் அச்சுக் கடையில் இங்க்ஜெட் தாளைக் கொடுத்துவிட்டதால், முதல் பலகையில் மை நீரில் கரைந்து பரவி வீணானது. லேசர் டோனர் பிளாஸ்டிக் கலந்த தூள் என்பதால் கரைவதில்லை. இரண்டாம் முறை, 220 எண் உப்புத்தாளால் தேய்த்த பலாப் பலகையில் ஜெல்லை மெல்லிதாகப் பூசி, இடவலம் மாற்றி அச்சிட்ட லேசர் தாளைக் கவிழ்த்து ஒட்டி, காற்றுக் குமிழ்களைப் பழைய அட்டையால் வெளியே தள்ளிக் காயவைத்தேன். சாரல் காலமாதலால் ஓர் இரவு போதாமல் ஒரு நாள் முழுவதும் ஆயிற்று. பிறகு தாளை நனைத்து விரல் நுனியால் உருட்டி உருட்டி எடுத்தபோது, 'ழ'வின் சுழிகூடச் சிதையாமல் மஞ்சள் ரேகைகளின் மேல் கருமையாக நின்றதைக் கண்டு மனம் நிறைந்தது. காய்ந்ததும் வெண்மையாகத் தெரியும் தாள் நார்களை மீண்டும் ஈரத் துணியால் மென்மையாகத் துடைக்க வேண்டும். அழுத்தினால் எழுத்தும் உரிந்துவிடும். படத்தின் வெள்ளைப் பகுதிகளில் மரத்தின் நிறமே தெரியும் என்பதால், கருத்த தேக்கைவிடப் பலாவுக்கும் ரப்பர் மரத்துக்கும் இந்த ஜெல்லைத் தயங்காமல் வாங்கலாம். நான் மேலே வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுத்திருக்கிறேன்.