கிளிநொச்சிக் கடையொன்றில் முதலாவது சுயவிபரக்கோவை

கிளிநொச்சி நகரில், ஏ-9 வீதியோரமாக உள்ள தொடர்பாடல் நிலையங்களுள் ஒன்றில், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் என் தங்கைக்கு முதலாவது சுயவிபரக்கோவையைத் தயாரித்தோம். நிதி நிறுவனமொன்றின் கிளையில் பயிலுனர் இடத்துக்கு விண்ணப்பிப்பதற்காகவே அது தேவைப்பட்டது. கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். முறிகண்டிக்கும் பரந்தனுக்கும் இடையில் நான் பார்த்த போட்டோப் பிரதிக் கடைகள் பெரும்பாலும் இதே முறையில்தான் இவ்வேலையைச் செய்கின்றன.

தட்டச்சைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லை. பணியிலிருந்த பெண் தமிழிலும் ஆங்கிலத்திலும் விரைவாகவும் எழுத்துப் பிழையின்றியும் அடித்தார். தேசிய அடையாள அட்டையின் 12 இலக்கங்களையும் தாமாகவே வாசித்துக் காட்டிச் சரிபார்த்தார். ஆனால் வேலை தொடங்குவது வெற்றுத் தாளிலிருந்து அல்ல. முன்னர் வந்த யாரோ ஒருவருடைய கோப்பைத் திறந்து, அவருடைய விபரங்களை அழித்து, அவ்விடத்தில் நம்முடையவற்றை நிரப்புகிறார்கள். அதனால் முதற் பிரதியில் தங்கை திருமணமானவராகவும், நாங்கள் போயறியாத கிராம அலுவலர் பிரிவொன்றில் வசிப்பவராகவும் இருந்தார். சுட்டிக்காட்டியதும் முகம் சுளிக்காமல், மேலதிகக் கட்டணமுமின்றித் திருத்தித் தந்தார்கள். எனினும், தங்கையின் முகவரியும் தொலைபேசி இலக்கமும் அடுத்து வருபவருடைய கோப்புக்கு அச்சாக அதே கணினியில் கிடக்கும் என்பதால், அதை எங்கள் கண் முன்னாலேயே அழிக்கச் சொன்னோம். பெண் பிள்ளைகளை அனுப்புபவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

கட்டணம் பக்கக் கணக்கில் அறவிடப்படுகிறது. அதனால்தானோ என்னவோ, வேலை அனுபவமே இல்லாத ஒரு மாணவியின் விபரம் மூன்று பக்கங்களுக்கு நீண்டுவிட்டது. சமயம், தந்தையின் முழுப் பெயர், சாதாரண தரத்தின் ஒன்பது பாடங்களுக்கும் ஒன்பது வரிசைகள், கையொப்பத்துக்கு மேலே நீண்டதோர் உறுதிமொழி என்று எல்லாம் இருந்தன. உயர்தர அட்டவணையில் சித்திகளுக்குரிய இடங்கள் மட்டும் வெறுமையாக விடப்பட்டிருந்தன. வாசிப்பவர் அதைச் சித்தியின்மை என்றே எடுத்துக்கொள்வார். அவ்விடத்தில் கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் என்று பாடங்களை ஒரே வரியில் எழுதி, பெறுபேறு எதிர்பார்க்கப்படுகிறது எனக் குறிப்பிடச் செய்தோம்.

இச்சேவையின் உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது: அங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை. தங்கை எங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சேமிப்புப் பதிவேட்டை எழுதி வருகிறாள்; மாத முடிவில் அதை வங்கிப் புத்தகத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும் அவளே. சனசமூக நிலையத்தில் தரம் ஆறு, ஏழு பிள்ளைகளுக்கு மாலையில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறாள். சம்பளம் இல்லாத வேலை என்பதால் இவற்றைச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. கேட்கக் கடையிலும் ஆளில்லை. அதற்குப் பதிலாக, சவால் மிக்க சூழலில் தன் ஆற்றல்களை முழுமையாக வெளிக்கொணரும் பதவியொன்றை அடைவதே நோக்கம் என்ற வாக்கியம் முதற் பக்கத்தின் தலையில் இருந்தது. அருகில் நின்ற இளைஞரின் பிரதியிலும் அதே வாக்கியம். அவர் சாரதி வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தார். நிதி நிறுவனத்தின் முகாமையாளர் ஒருவர் இத்தகைய வாக்கியங்களைத் தாண்டிச் செல்வார். பதிவேட்டை வங்கிப் புத்தகத்துடன் ஒப்பிட்டவள் என்ற ஒரு வரியில் நிற்பார். நோக்கத்தையும் தேவையற்ற மற்ற விபரங்களையும் நீக்கி அந்த வரியைப் போட்டதும் கோவை ஒரு பக்கத்துக்குள் அடங்கியது.

உறவினரல்லாத இரு பரிந்துரையாளர் தேவைப்பட்ட இடத்தில், பிரதேச சபை உறுப்பினர் ஒருவரின் பெயரைப் போட்டால் எடுபடும் என்று ஆலோசனை கிடைத்தது. கணக்கீட்டு ஆசிரியையையும் சங்கத் தலைவியையும் கேட்டு, அவர்களின் சம்மதத்துடன் போட்டோம். தொலைபேசி அழைப்பு வந்தால் தங்கையைப் பற்றி நாலு வார்த்தை பேசக்கூடியவர்கள் அவர்கள்தாம்.

தமிழ்ப் பிரதி எடுப்பவர்கள் எழுத்துருவைக் கவனிக்க வேண்டும். இங்கே பாமினியில் அடிக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் வேர்ட் கோப்பைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் குழம்பித் தெரியும். மின்னஞ்சலில் அனுப்புவதாயின் பி.டி.எப். ஆக மாற்றித் தரச் சொல்லுங்கள். பின்னர் திருத்த விரும்பினால் யூனிகோட்டில் அடிக்கச் சொல்லுங்கள். கேட்டால் இரண்டையும் செய்கிறார்கள்.

கைத்தொலைபேசியிலேயே கூகுள் டொக்ஸில் இலவசமாகத் தயாரிக்கலாம். ஆனால் தமிழறிவுக்கு ஐந்து நட்சத்திரம், ஆங்கிலத்துக்கு மூன்று நட்சத்திரம் என்று புள்ளி போடும் வண்ண வடிவங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன்; தமிழ் வாத்தியாருக்கே யார் ஐந்து நட்சத்திரம் கொடுப்பது? எழுத வேண்டியதை வீட்டில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அடிப்பதற்கும் அச்செடுப்பதற்கும் மட்டும் செல்பவர்களுக்கு இந்தக் கடை போதுமானது. வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் ஆட்சேர்ப்பு அறிவித்தல் வந்துவிட்டால் அடுத்து வரும் நாட்களில் வாசல்வரை வரிசை நிற்கும் என்பதால், அத்தகைய வாரங்களைத் தவிர்த்து, காலையிலேயே செல்வது நல்லது.