கார்கிவா, கெர்சனா? நின்றுபோன படையெடுப்பை உக்ரைன் திருப்பியடித்த இரு வழிகள்

2022 ஜூலை 3 அன்று கிழக்கு உக்ரைனின் லிசிசான்ஸ்க் நகரைப் பிடித்த ரஷ்யப் படையால், அந்த ஆண்டு முடியும்வரை அதற்கு இணையான வேறொரு நகரைப் பிடிக்க முடியவில்லை. பிப்ரவரி 24 அன்று கீவை நோக்கிப் புறப்பட்ட படையெடுப்பு, ஏப்ரல் தொடக்கத்தில் தலைநகரின் சுற்றுப்புறங்களைக் கைவிட்டுத் கிழக்கிலுள்ள தொன்பாஸ் பகுதிக்குத் திரும்பி, பீரங்கிக் குண்டுகளை மழையாகக் கொட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கோடையின் நடுவில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. அப்போது உக்ரைன் முன் இருந்த கேள்வி, திருப்பித் தாக்குவதா வேண்டாமா என்பதைவிட எங்கே, எந்த முறையில் தாக்குவது என்பதுதான். இரண்டு இடங்களில், ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு முறைகளில், ஒரே பருவத்தில் அது தாக்கியது. ஒரே எதிரி, ஒரே காலம், ஒரே படை என்று ஒப்பிடுவதற்கு இவ்வளவு வசதியான இணை போர் வரலாற்றில் அடிக்கடி கிடைப்பதில்லை.

முதலில் அந்த வாய்ப்பு எப்படி உருவானது என்பதைப் பார்த்துவிட வேண்டும். முன்னேற முடியாமல் ஒரு படை நின்றுபோவதற்கும், இனி தற்காப்புதான் தன் வேலை என்று அது ஒப்புக்கொண்டு பதுங்குகுழி வெட்டி, கண்ணிவெடி புதைத்து, புதிய ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்துவதற்கும் நடுவே ஓர் இடைவெளி விழுகிறது. காப்பவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு முழுவதும் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது. ரஷ்யா விஷயத்தில் அது வழக்கத்தைவிட நீண்டதற்குக் காரணம் அரசியல். போரைப் போர் என்று சொல்லாமல் 'சிறப்பு ராணுவ நடவடிக்கை' என்று பெயரிட்டிருந்த மாஸ்கோ, கட்டாய ஆள்திரட்டலைச் செப்டம்பர் 21 வரை அறிவிக்கவில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான முன்னரங்கை, அமைதிக்கால எண்ணிக்கையில் வந்து ஐந்து மாதச் சண்டையில் தேய்ந்துபோன படையைக் கொண்டு மூட வேண்டியிருந்தது. ஓரிடத்தை இறுக்கினால் வேறோர் இடம் தளர்ந்தே தீரும் என்ற நிலை. தளர்ந்த இடத்தில் அடிப்பதா, இறுகிய இடத்தில் நெரிப்பதா என்பதுதான் கீவின் முன்னிருந்த தேர்வு.

கெர்சன்: ஆற்றைத் துணைக்கு அழைத்த வழி

2022 படையெடுப்பில் ரஷ்யா பிடித்த ஒரே மாகாணத் தலைநகர் தெற்கிலுள்ள கெர்சன். அது டினிப்ரோ ஆற்றின் வலது கரையில் இருக்கிறது. ரஷ்யாவின் பின்தளமான கிரிமியாவோ இடது கரைக்கு அப்பால் இருக்கிறது. ஆக, வலது கரையில் நின்ற ரஷ்யப் படைக்குத் தேவையான குண்டும் டீசலும் ரொட்டியும் அந்தோனிவ்காவின் சாலைப் பாலம், அதன் அருகிலுள்ள ரயில் பாலம், நோவா ககோவ்கா அணையின் மேல் சாலை ஆகிய மூன்று வழிகளில்தான் வந்தாக வேண்டும். மேற்கேயுள்ள மிகொலாயிவையும் ஒடெஸாவையும் பிடிக்கும் தாக்குதலுக்கு இந்த முனை பொருத்தமான தொடக்கமாக இருந்தது. தாக்குதல் நின்ற மறுநாளே அது பொறியாக மாறிவிட்டது.

ஜூன் இறுதியில் அமெரிக்காவின் ஹைமார்ஸ் ஏவுகணை வண்டிகள் வந்து சேர்ந்தன. ஜூலை 19 முதல் அந்தோனிவ்கா பாலத்தின் மீது அடி விழத் தொடங்கியது. அந்த ஏவுகணைகளின் வெடிபொருள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான பாலத்தைத் தகர்க்கப் போதாது; உக்ரைன் தகர்க்க முயன்றதாகவும் தெரியவில்லை. தூண்களை விட்டுவிட்டு, சாலைத் தளத்தில் வரிசை வரிசையாகத் துளைகள் போட்டது. ரஷ்யப் பொறியாளர்கள் ஒட்டுப்போட்டார்கள். மீண்டும் துளைகள் விழுந்தன. மாத இறுதிக்குள் கனரக வண்டிகள் அதில் போக முடியாமல் போகவே, பாலத்தின் நிழலிலேயே மிதவைகளை இணைத்துப் படகுத்துறை அமைத்தார்கள்; ஏவுகணைகளை ஏமாற்றும் நம்பிக்கையில் ரேடார் அலைகளைத் திருப்பும் உலோகக் கூம்புகளை ஆற்றில் மிதக்கவிட்டார்கள். லாரிகள் தொடர்ச்சியாகப் போன இடத்தில், படகுக்குக் காத்திருக்கும் வரிசை உருவானது.

ஆகஸ்ட் 29 அன்று தரைப்படைத் தாக்குதல் அறிவிக்கப்பட்டது. அதன் முதல் வாரங்களில் உக்ரைன் கொடுத்த விலை கடுமையானது. மரமோ மேடோ இல்லாத புல்வெளி, குறுக்கே ஓடும் பாசனக் கால்வாய்கள், எதிரே ரஷ்யாவின் வான்குடைப் படையினர். இன்ஹுலெட்ஸ் ஆற்றுக்கு அப்பால் கிடைத்த சிறு பிடிமானத்தைக் காப்பதற்கே பலர் உயிரிழந்தனர். அக்டோபர் முதல் வாரத்தில்தான் வடக்கு விளிம்பு உடைந்து, உக்ரைனியர்கள் ஆற்றோரமாக சுமார் 30 கிலோமீட்டர் இறங்கி தூத்சானியை அடைந்தார்கள். அக்டோபர் 8 அன்று ரஷ்யாவைக் கிரிமியாவோடு இணைக்கும் கிரிமியப் பாலத்தில் குண்டுவெடிப்பு நிகழ்ந்து, ஏற்கெனவே மெலிந்திருந்த வழங்கல் மேலும் மெலிந்தது. நவம்பர் 9 அன்று உக்ரைனிலுள்ள ரஷ்யப் படைகளின் தளபதி ஜெனரல் சுரோவிகின் தொலைக்காட்சியில் பின்வாங்கலைப் பரிந்துரைக்க, ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சர் ஷொய்கு ஏற்றுக்கொண்டார். நவம்பர் 11 அன்று உக்ரைனியப் படை நகருக்குள் நுழைந்தபோது அந்தோனிவ்கா பாலத்தின் கண்கள் சில ஆற்றில் கிடந்தன. உக்ரைன் துளைத்த பாலத்தைக் கடைசியில் வெடிவைத்துத் தகர்த்தவர்கள் ரஷ்யர்கள்.

கார்கிவ்: எதிரியின் பிழையைப் பயன்படுத்திய வழி

வடகிழக்கிலுள்ள கார்கிவ் மாகாணத்தில் கதை ஐந்து நாளில் முடிந்துவிடுகிறது. செப்டம்பர் 6 அன்று பலாக்லியா அருகே தாக்குதல் தொடங்கியது. செப்டம்பர் 10 அன்று குப்யான்ஸ்கில் உக்ரைனியக் கொடி ஏறியது. இடையிலுள்ள தூரம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். பலாக்லியாவைக் காத்தவர்களில் பெருவாரியானோர் ரஷ்யத் தேசியக் காவல்படையினரும், ரஷ்யாவின் பிடியிலிருந்த லுஹான்ஸ்கில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களும்தான். கலகம் அடக்கப் பயிற்சி பெற்றவர்களை டாங்கிகளுக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். உக்ரைனின் தரைப்படைத் தளபதி சிர்ஸ்கியின் படை அந்த ஊரில் மல்லுக்கட்டாமல் அதை ஒதுக்கிச் சுற்றிப்போய், நேரே ரயில் சந்திப்பைக் குறிவைத்தது. ரஷ்யாவின் பெல்கொரோதிலிருந்து வரும் தடம் குப்யான்ஸ்க் வழியாகத்தான் இஸியத்துக்கு இறங்குகிறது. தொன்பாஸின் ஸ்லோவியான்ஸ்க் நகரை வடக்கிலிருந்து தாக்குவதற்காக இஸியத்தில் ரஷ்யா சேர்த்துவைத்திருந்த படையும் தளவாடமும், சந்திப்பு பறிபோனதும் அர்த்தமிழந்தன. 'மறுசீரமைப்பு' என்று மாஸ்கோ அறிவித்த பின்வாங்கலில் வெடிமருந்துக் குவியல்களும் ஓடக்கூடிய கவசவண்டிகளும் அப்படியே கைவிடப்பட்டன.

கெர்சன் தாக்குதல் வெறும் போக்குக்காட்டல், உண்மையான குறி கார்கிவ்தான் என்று பிறகு பலரும் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. போக்குக்காட்டுவதற்காக எந்தப் படையும் இரண்டரை மாதம் அவ்வளவு உயிர்களைக் கொடுக்காது. முதலில் உக்ரைன் விரும்பியது அசோவ் கடல்வரை செல்லும் பெரிய தெற்குத் தாக்குதல் என்றும், அமெரிக்க, பிரிட்டன் அதிகாரிகளோடு சேர்ந்து நடத்திய வரைபடப் பயிற்சிகளில் அது தாங்காது என்று தெரிந்ததால் திட்டம் கெர்சனாகவும் கார்கிவாகவும் சுருங்கியது என்றும் அமெரிக்க நாளேடுகள் அப்போதே எழுதின. கெர்சனைப் பற்றி ஜூலை முதல் உரக்கப் பேசியதில் தந்திரம் இருந்திருக்கலாம். ஆனால் ரஷ்யா தன் சிறந்த வான்குடைப் பிரிவுகளைக் கெர்சனுக்கு நகர்த்தியது, அங்கே ஆபத்து உண்மையாகவே இருந்ததால்தான். நகர்த்தியபின் கார்கிவ் முனையில் எஞ்சியது மெல்லிய தோல் மட்டும்.

எது மேல்?

செலவைப் பார்த்தால் கார்கிவ்தான். பறிகொடுத்த உயிருக்கு மீட்ட நிலம் எவ்வளவு என்று கணக்குப் போட்டால் இந்தப் போரில் அதற்கு நிகராக எதுவும் இல்லை. சில நாட்களிலேயே 6,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் மீட்டதாக ஜெலென்ஸ்கி அறிவித்தார். அக்டோபர் 1 அன்று லிமான் நகரும் மீட்கப்பட்டது. உலகமும் அதையே கொண்டாடியது.

திட்டம் என்ற அளவில் நான் கெர்சனையே உயர்வாக வைப்பேன். கார்கிவ் வெற்றிக்கு ரஷ்யாவின் கவனக்குறைவு தேவைப்பட்டது. படைகள் குவிவது முன்கூட்டியே கண்ணில் பட்டும் ரஷ்யத் தளபதிகள் பொருட்படுத்தாமல் விட்டார்கள். ஒரு தளபதி விழித்திருந்து, இரண்டு நல்ல பிரிகேடுகளைக் குப்யான்ஸ்கில் நிறுத்தியிருந்தால் கதை வேறு. கெர்சனில் ரஷ்யா பெரும் தவறு எதையும் செய்யவில்லை. அங்கே நின்றவை நல்ல பிரிவுகள், அரண்களும் தரமானவை, அக்டோபரில் தலைமையேற்ற தளபதி விவரமானவர். இத்தனைக்கும் பிறகு அவர்கள் வெளியேற வேண்டியிருந்தது. ஆறு இருந்த இடத்தை எந்தத் திறமையாலும் மாற்ற முடியவில்லை. எதிரி சரியாக நடந்துகொண்டாலும் பலிக்கும் திட்டத்தைத்தான் நம்பலாம்.

அடுத்த ஆண்டு நடந்தது இந்தத் தரவரிசைக்குச் சாட்சி. 2023 ஜூன் தொடக்கத்தில் ஓரிகிவிலிருந்து தோக்மாக், மெலிதோபோல் நோக்கிப் புறப்பட்ட ஸபோரிஷியா தாக்குதல், கார்கிவின் வேகத்தை எதிர்பார்த்து வகுக்கப்பட்டது. ஆனால் இடைவெளி மூடிப்போயிருந்தது. திரட்டப்பட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். ஏழு மாதங்களில் சுரோவிகினின் பெயரால் அழைக்கப்பட்ட அரண்வரிசை அடுக்கடுக்காக எழுந்திருந்தது. கண்ணிவெடி வயல்களில் லெபர்டு டாங்கிகளும் பிராட்லி வண்டிகளும் முதல் வாரத்திலேயே சிக்கின. ரொபோதினே என்ற சிற்றூரை மீட்டதாக அறிவிக்கவே ஆகஸ்ட் இறுதி ஆனது. தோக்மாக் எட்டவே இல்லை. கெர்சன் முறையை அங்கே பின்பற்ற வேண்டுமென்றால் கிரிமியாவிலிருந்து வரும் ரயில் தடங்களையும் பாலங்களையும் மாதக்கணக்கில் நெரித்திருக்க வேண்டும். அதற்கான நீள்தூர ஏவுகணைகளில் பிரிட்டன் தந்தவை 2023 மே மாதம்தான் வந்தன, அதுவும் சிறிய அளவில்; அமெரிக்காவின் அட்டாக்கம்ஸ் அக்டோபரில் வந்தது.

கெர்சன் வழிக்கு ஒரு பெரிய குறை உண்டு. நெரிப்பு மெதுவானது, மெதுவாக நெரிக்கப்படுபவருக்குத் தப்பிக்க அவகாசம் கிடைக்கிறது. 30,000-க்கும் மேற்பட்ட வீரர்களையும் ஏறத்தாழ 5,000 ஆயுதங்களையும் வண்டிகளையும் இடது கரைக்குக் கொண்டுவந்துவிட்டதாக ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் சொன்னது. எண்ணிக்கையில் மிகை இருந்தாலும், பெரும்பகுதி ஒழுங்காகவே ஆற்றைக் கடந்தது என்பதில் ஐயமில்லை. 2023 ஆகஸ்டில் ரொபோதினேயின் ஓட்டையை அடைக்க அவசரமாகக் கொண்டுவரப்பட்டவையும் அதே வான்குடைப் படையின் பிரிவுகள்தான்.