சாம்பல் பூச்சா, கறுப்பு பெயின்ட்டா? இரண்டு பழைய ராணுவ ரிவால்வர்கள்

போன வருடம் ஹூஸ்டனில் நடந்த ஒரு துப்பாக்கிச் சந்தையில் இரண்டும் ஒரே மேசையில் இருந்தன. ஒன்று பிரிட்டிஷ் ராணுவத்தின் என்ஃபீல்டு நம்பர் 2. இன்னொன்று ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா பிரிட்டனுக்கு அனுப்பிய, 5 அங்குலக் குழல் உள்ள வகை. இரண்டுக்கும் ஒரே .38 தோட்டாதான், ஆறு ஆறு. சுடுவதற்கு எது மேல் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள், அதை விடுங்கள். நான் விக்டரியை வாங்கினேன். பூச்சுதான் காரணம்.

என்ஃபீல்டு 1932-இல் ராணுவத்துக்குள் வந்தது. போருக்கு முந்தைய துப்பாக்கிகளில் நீலக்கறுப்பு மெருகு அவ்வளவு அழகாக இருக்கும். மேசையில் இருந்ததோ போருக்குப் பின் முழுப் பழுது பார்த்தது, அதைக் குறிக்கும் எஃப்.டி.ஆர். முத்திரையும் சூட்டில் இறுக்கிய கறுப்பு பெயின்ட்டுமாக இருந்தது. பெயின்ட் ஒட்டியிருக்கும்வரை கவலை இல்லை. ஆனால் நடுவில் ஒடித்துத் திறக்கும் அந்தக் கீல் ஓரத்தில் ஒரு செதில் தூக்கி நின்றது, அதன் அடியில் செம்பொடி. ஈரம் பெயின்ட்டுக்குக் கீழே ஊர்ந்துவிட்டால் மேலே எவ்வளவு எண்ணெய் தடவினாலும் அங்கே போய்ச் சேராது. சுரண்டி எடுத்துவிடலாமே என்றால் மனசு வரவில்லை. அந்தப் பெயின்ட்டும் ராணுவம் அடித்ததுதானே, அதன் சரித்திரத்தில் பாதி போய்விடும்.

விக்டரியின் சாம்பல் நிறம் பாஸ்பேட் பூச்சு. 1942-இல் அவசரத்துக்கு வந்தது, பளபளப்பே கிடையாது. ஆனால் நுண்துளைகள் நிறைந்தது என்பதால் எண்ணெயைக் குடித்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும். ஹூஸ்டன் புழுக்கத்தில் இதைவிட வேறென்ன வேண்டும்? இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைக்கிறேன், அவ்வளவுதான். வாங்கியபோது அடிப்பிடியில் கயிறு மாட்டும் வளையத்தை ஒட்டி மிளகளவு துரு இருந்தது. ஒரு நாள் எண்ணெயில் ஊறவிட்டு, 1982-க்கு முந்தைய ஒரு சென்ட் செம்பு நாணயத்தின் விளிம்பால் மெதுவாகத் தேய்த்தேன். செம்பு எஃகைவிட மென்மையானது, கீறாது. எஃகு நார் மட்டும் வேண்டாம். பாஸ்பேட் மினுங்க ஆரம்பித்தால் திரும்ப மங்காது. ஈயக்கறை எடுக்கும் துணியும் குழலுக்குள்ளோடு நிற்கட்டும், நீல மெருகு உள்ள துப்பாக்கி என்றால் கட்டாயமாக. அது மெருகையும் சேர்த்தே எடுத்துவிடும்.

விக்டரி வாங்கும்போது ஹேமரையும் ட்ரிக்கரையும் பாருங்கள். அவை வெப்பத்தில் இறுக்கப்பட்டவை, லேசான வண்ணத் திட்டுகள் தெரியும். உடம்பின் நிறமே அவற்றிலும் இருந்தால் யாரோ மறுபூச்சு போட்டிருக்கிறார்கள். பிடியின் அடி, சிலிண்டரின் பின்முகம், குழலின் அடிப்பக்கம் மூன்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும். அப்புறம் சிலிண்டர். விற்பனைக்கு வந்த பிரிட்டிஷ் விக்டரிகள் பலவற்றை .38 ஸ்பெஷல் என்ற நீளமான, சற்று மெலிந்த வேறு தோட்டாவுக்காகக் குடைந்துவிட்டார்கள். அப்படிக் குடைந்ததில் சுட்ட கூடு வீங்கி வரும். நான் அதைத் தொடமாட்டேன்.

போருக்கு முந்தைய நீல மெருகு குலையாத என்ஃபீல்டு கிடைத்தால் நானே தடுமாறுவேன். நண்பருடையது மூன்று மாதம் என்னிடம் இருந்தது. வாராவாரம் துடைத்தேன், துரு வரவில்லை. மூன்று மாதத்தை வைத்து அதற்கு மேல் சொல்வது நியாயமில்லை.

எது வாங்கினாலும் தோலுறைக்குள் போட்டு வைக்காதீர்கள், பதனிட்ட தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். என் விக்டரியின் உறை வேறு அலமாரியில் இருக்கிறது.