லேயர் கட் கத்தரிக்கோல் செட்: பாதிப் பெட்டிக்குத்தான் காசு கொடுக்கலாம்

தருமபுரி நான்கு ரோடு அருகே ஒரு ஃபேன்சி ஸ்டோரில், வீட்டிலேயே லேயர் கட், அதாவது முடியை அடுக்கடுக்காக விழும்படி வெட்டுவது, செய்துகொள்வதற்கென்று விற்கப்படும் கத்தரிக்கோல் செட் ஒன்றை 480 ரூபாய்க்கு வாங்கினேன். நேர்க் கத்தரிக்கோல் ஒன்று, அலகில் சீப்புபோலப் பற்கள் உள்ள பல் கத்தரிக்கோல் ஒன்று, நீளச் சீப்பு, கிளிப்புகள், கழுத்தில் கட்டும் பிளாஸ்டிக் துணி ஆகியவை அதில் இருந்தன. என் மகளுக்கும் தங்கைக்கும் முடி வெட்டிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

செட்டில் உருப்படியான பொருள் நேர்க் கத்தரிக்கோல்தான். நனைந்த டிஷ்யூ காகிதத்தைக்கூடக் கிழிக்காமல் வெட்டும் அளவுக்குக் கூர்மை இருக்கிறது. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தபோது திருகு தளர்ந்திருந்ததால், முடி வெட்டுப்படாமல் இரண்டு அலகுகளுக்கும் நடுவே மடங்கியது. ஒரு பிடியைக் கையில் வைத்துக்கொண்டு மற்றதைச் செங்குத்தாக விரித்து விட்டால், அது ஓரளவு இறங்கி இடையிலேயே நிற்க வேண்டும். முழுவதுமாக மூடிக்கொண்டால் திருகை முடுக்க வேண்டும். சற்று முடுக்கிய பிறகு வெட்டு சுத்தமாக விழுந்தது. திருகுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் விட்டால் நாளடைவில் பிசுபிசுக்கும்.

என் மனக்குறையெல்லாம் பல் கத்தரிக்கோல் மீதுதான். அட்டையில் அதன் படத்தைத்தான் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். கடைக்காரரும், "இதுலதான்க்கா லேயர் விழும்" என்றார். அப்படி இல்லை. பல் கத்தரிக்கோல் ஒரு கற்றையில் சில இழைகளை வெட்டிச் சிலவற்றை விட்டுவிடுவதால் அடர்த்தி குறையுமே தவிர, அடுக்கு உண்டாகாது. முடியைத் தலையிலிருந்து எந்தக் கோணத்தில் தூக்கிப் பிடித்து வெட்டுகிறோம் என்பதில்தான் அடுக்கு பிறக்கிறது. தலைக்குச் செங்குத்தாக, 90 டிகிரியில் எல்லாக் கற்றைகளையும் தூக்கி ஒரே அளவில் வெட்டினால், மேல்முடியும் கீழ்முடியும் வெவ்வேறு உயரங்களில் வந்து விழும். மெல்லிய முடி உள்ளவர்கள் வேரருகே பல் கத்தரிக்கோலை வைத்தால், வெட்டுப்பட்ட குட்டை முடிகள் வளரும்போது சிலிர்த்துக்கொண்டு நிற்கும்.

பெட்டிக்குள் இருக்கும் செய்முறைத் தாளில் கோணம் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதால், நான் பின்பற்றிய முறையைச் சொல்லிவிடுகிறேன். தலையைக் குனியவைத்து, முடி முழுவதையும் முன்பக்கம் சீவி, நெற்றியின் மேல் விளிம்பில் ரப்பர் பேண்ட் போட்டு, நுனியை வெட்ட வேண்டும். பிடரியிலிருந்து வரும் முடி அதிக தூரம் கடந்து வருவதால், அவிழ்த்துவிடும்போது அது நீளமாகவும் முகத்தருகே உள்ளது குட்டையாகவும் நிற்கும். கடைசியில் கத்தரிக்கோலைச் செங்குத்தாகப் பிடித்து நுனிகளில் சிறு சிறு கொத்துகளாக வெட்டினால், கோடு போட்டதுபோல் தெரியாது. ஈர முடி இழுபட்டு நீளும், காய்ந்ததும் மேலேறிவிடும். ஆகவே முதலில் ஓர் அங்குலத்துக்கு மேல் வெட்டக் கூடாது. தங்கையைப் போலச் சுருட்டை முடி உள்ளவர்களுக்குக் காய்ந்த நிலையிலேயே வெட்டுவது நல்லது.

சீப்பு பரவாயில்லை. எங்கள் போர்வெல் உப்புத் தண்ணீரில் அலசிய முடியில் அது சிக்கிக்கொண்டு நகரவே இல்லை. ஒகேனக்கல் குடிநீரில் அலசிய பிறகே வழுக்கிக்கொண்டு போயிற்று. குடிக்கிற தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவதா என்று வீட்டில் எழுந்த முணுமுணுப்பு வேறு கதை. பிளாஸ்டிக் துணியின் கழுத்துப் பட்டை ஒட்டவே இல்லை. பழைய வேட்டி அதைவிட மேல்.

இடுப்பு வரையோ முதுகு வரையோ நீண்ட முடி உள்ளவர்களுக்கு இந்த முறையும் இந்தக் கத்தரிக்கோலும் போதும். தோளுக்கு மேல் நிற்கும் முடிக்கு நெற்றியில் ரப்பர் பேண்ட் போட்டு வெட்டும் முறை ஒத்துவராது; பிடரி முடி ரப்பர் பேண்டுக்கு எட்டாது. அவர்கள் பார்லருக்கே போகலாம். செட்டைப் பிரித்துத் தர அந்தக் கடையில் மறுத்துவிட்டார்கள். சலூன் சாமான்கள் விற்கும் கடைகளில் நேர்க் கத்தரிக்கோல் தனியாகவே கிடைக்கிறது என்பதால், வாங்க நினைப்பவர்கள் முதலில் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.