மானிட்டருக்கு எந்த யூஎஸ்பி-சி கேபிள்? வாட்டைப் பார்க்காதீர்கள், வேகத்தையும் நீளத்தையும் பாருங்கள்

புது மானிட்டரை போன் சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் இணைத்தால் பேட்டரி சார்ஜ் ஏறும். திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். மானிட்டரிலும் பழுதில்லை, லேப்டாப்பிலும் பழுதில்லை. அந்தக் கேபிளுக்குள் படம் போகும் கம்பிகளே கிடையாது.

யூஎஸ்பி-சி முனையில் 24 பின்கள் உண்டு. சார்ஜிங் கேபிளில் மின்சாரத்துக்கான கம்பிகள், வினாடிக்கு 480 மெகாபிட் மட்டுமே தாங்கும் யூஎஸ்பி 2.0 இணை, இரு கருவிகளும் ஒன்றையொன்று அறிந்துகொள்ள ஒரு கம்பி, அவ்வளவுதான். படத்துக்கு வேண்டியவை நான்கு அதிவேகக் கம்பி இணைகள். கேபிள் அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும் '240 வாட்' இதைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. ஆப்பிளின் 240 வாட் சார்ஜ் கேபிள்கூட யூஎஸ்பி 2.0 தான். ஐபோன் 15 வெளித் திரைக்கு 4கே படம் அனுப்பும் திறன் கொண்டது. அதன் பெட்டியில் வரும் கேபிளால் அந்தப் படத்தைக் கொண்டுபோக முடியாது.

ஆகவே போட்டி மற்ற வகைகளுக்கு இடையில்தான்.

ஒரே ஒரு 4கே மானிட்டர், 60 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கப்படுவது) என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 12.5 ஜிகாபிட் வேண்டும். யூஎஸ்பி-சி வழியே படம் போவது டிஸ்பிளேபோர்ட் என்ற படத் தரத்தில். அதன் 1.2 தரத்தில் நான்கு லேன்களும், அதாவது மேலே சொன்ன நான்கு கம்பி இணைகளும், சேர்ந்து 17.28 ஜிகாபிட் தரும், 1.4 தரத்தில் 25.92. இதற்கு '20 ஜிபிபிஎஸ்' (வினாடிக்கு 20 ஜிகாபிட்) முத்திரை உள்ள 1 மீட்டர் கேபிளே போதும். 40 ஜிபிபிஎஸ் கேபிள் வாங்கினால் படம் கூடுதல் தெளிவாக வராது. இது டிஜிட்டல் சமிக்ஞை: வந்தால் முழுதாக வரும், தடுமாறினால் திரை இமைக்கும் அல்லது அணைந்து எரியும்.

மானிட்டரிலேயே யூஎஸ்பி ஹப் (கீபோர்டு, மவுஸ் போன்றவற்றைச் செருகும் போர்ட்கள்) இருந்தால் கணக்கு மாறும். நான்கு லேன்களில் இரண்டை வேகமான யூஎஸ்பி டேட்டாவுக்குக் கொடுத்துவிட்டால், 1.2 தர மானிட்டரில் படத்துக்கு மிஞ்சுவது 8.64 ஜிகாபிட். 4கே படம் 30 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகரும். பலர் கேபிளைக் குறை சொல்லித் திருப்பிக் கொடுப்பது இந்த இடத்தில்தான். மானிட்டர் மெனுவில் யூஎஸ்பி-சி முன்னுரிமை என்ற பொருளில் ஓர் அமைப்பு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அதில் அதிக ரெசல்யூஷனைத் தேர்ந்தால் படம் 60 ஹெர்ட்ஸுக்குத் திரும்பும். ஹப் யூஎஸ்பி 2.0 வேகத்துக்கு இறங்கும். கீபோர்டும் மவுஸும் மட்டும் செருகியிருப்பவருக்கு அதனால் நட்டமில்லை. வெளி எஸ்எஸ்டி (வேகமான சேமிப்புக் கருவி) செருகுபவர் 1.4 தர மானிட்டரைப் பார்ப்பது நல்லது. அங்கே இரண்டு லேன்களிலேயே 12.96 ஜிகாபிட் கிடைப்பதால் 4கே 60 மயிரிழையில் அடங்கிவிடும்.

இரண்டு மானிட்டர், டாக் (ஒரே கேபிளில் பல கருவிகளை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) என்று போகும்போதுதான் 40 ஜிபிபிஎஸ் கேபிளுக்குக் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. இங்கே தீர்ப்பைச் சொல்வது நீளம். சமிக்ஞையைச் சீர்செய்யும் சிப் இல்லாத பாசிவ் யூஎஸ்பி4 கேபிள் 40 ஜிகாபிட்டைச் சுமார் 0.8 மீட்டர் வரைதான் ஒழுங்காகக் கொண்டுபோகும். டாக் லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே இருந்தால் இதுவே நல்ல தேர்வு. மேசைக்கு அடியில் சுற்றிக்கொண்டு போக வேண்டுமானால் 2 மீட்டர் தண்டர்போல்ட் 4 (அதே யூஎஸ்பி-சி முனையில் 40 ஜிகாபிட் தரும் இன்னொரு தரம்) கேபிள். அதன் முனைகளில் சமிக்ஞையைச் சீர்செய்யும் சிப் இருக்கிறது. விலை கூடுதலாவது அதனால்தான். முனையில் மின்னல் குறியும் 4 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள்.

பழைய 2 மீட்டர் தண்டர்போல்ட் 3 ஆக்டிவ் (சீர்செய்யும் சிப் உள்ள) கேபிள் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். தண்டர்போல்ட் டாக்கில் 40 ஜிகாபிட் ஓடும். சாதாரண யூஎஸ்பி-சி மானிட்டரில் பெரும்பாலும் படமே வராது, எஸ்எஸ்டி யூஎஸ்பி 2.0 வேகத்தில் ஊர்ந்து போகும். தண்டர்போல்ட் 4 கேபிளில் இந்தக் குறை இல்லை.

80 ஜிபிபிஎஸ், தண்டர்போல்ட் 5 கேபிளுக்கு லேப்டாப்பும் டாக்கும் அந்தத் தரத்தில் இருந்தால் மட்டும் செலவு செய்யுங்கள். 40 ஜிபிபிஎஸ் பாசிவ் யூஎஸ்பி4 கேபிளே 80 ஜிகாபிட்டையும் தாங்கும்படிதான் யூஎஸ்பி4 இரண்டாம் பதிப்பு வகுக்கப்பட்டது.

மானிட்டரில் யூஎஸ்பி-சி போர்ட்டே இல்லையா? ஹெச்டிஎம்ஐ, டிஸ்பிளேபோர்ட் இரண்டும் இருந்தால் யூஎஸ்பி-சி முதல் டிஸ்பிளேபோர்ட் வரையான கேபிளையே எடுங்கள். லேப்டாப் அனுப்புவதே டிஸ்பிளேபோர்ட் சமிக்ஞை என்பதால் மொழிமாற்றம் தேவையில்லை; 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கும் இதுதான் பொருத்தம். ஹெச்டிஎம்ஐ வகையில் உள்ளே ஒரு சிப் உட்கார்ந்து சமிக்ஞையை மாற்றுகிறது. அந்தச் சிப் பழைய ஹெச்டிஎம்ஐ 1.4 தரம் என்றால் 4கே 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அட்டையில் வெறும் '4கே' என்று இருந்தால் போதாது, '4கே 60 ஹெர்ட்ஸ்' என்று இருக்க வேண்டும். இந்த இரண்டு வகையிலும் பொதுவாக லேப்டாப்புக்குச் சார்ஜ் ஏறாது. பெரும்பாலானவை லேப்டாப்பிலிருந்து மானிட்டருக்கு ஒருவழிப் பாதைதான்.

வாட் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மானிட்டரே லேப்டாப்புக்கு 90 வாட் தருவதாக இருந்தாலும், 5 ஆம்பியர் தாங்குவேன் என்று சொல்லும் அடையாளச் சிப் கேபிளில் இல்லாவிட்டால் 60 வாட்டைத் தாண்டாது. வீடியோ எடிட்டிங் போன்ற கனமான வேலையில் சார்ஜரில் இருந்தபடியே பேட்டரி இறங்கக்கூடும்.

வீட்டில் கிடக்கும் கேபிள் எந்த வகை என்று தெரிய வேண்டுமா? வேகமான எஸ்எஸ்டி ஒன்றை அதில் மாட்டிப் பெரிய ஃபைலை நகலெடுங்கள். வினாடிக்கு 40 மெகாபைட் அளவிலேயே நின்றால் அது பெரும்பாலும் யூஎஸ்பி 2.0 கேபிள். படம் வந்து வந்து போனால் முனையை 180 டிகிரி திருப்பிச் செருகிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தால் கேபிளிலோ போர்ட்டிலோ ஏதோ ஒரு பின் போயிருக்கிறது. வேறொரு கேபிளிலும் அப்படியே என்றால் போர்ட்தான். நடுவில் எக்ஸ்டென்ஷன் கேபிள் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். யூஎஸ்பி-சி தரத்தில் எக்ஸ்டென்ஷனுக்கு இடமே இல்லை.