பிடிஆரா, தென்னரசா? ஒரே நிதித் துறை, இரண்டு வாரிசுகள்

2023 மே மாதம் தமிழ்நாட்டின் திமுக அமைச்சரவையில் நடந்த மாற்றத்தில் நிதித் துறை பிடிஆர் எனப்படும் பழனிவேல் தியாகராஜனிடமிருந்து தங்கம் தென்னரசுவுக்குப் போனது. தென்னரசு வைத்திருந்த தொழில் துறை, திமுகவின் மூத்த தலைவர் டி.ஆர்.பாலுவின் மகன் டி.ஆர்.பி.ராஜாவுக்கு. மூவருமே அரசியல் வீட்டுப் பிள்ளைகள். வாரிசு என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடலாம்தான். ஆனால் நிதித் துறையைப் பார்த்த இருவரையும் அருகருகே வைத்தால் அது சரிப்பட்டு வராது.

குடும்பப் பெயரில் பிடிஆர் கைதான் ஓங்கியிருக்கிறது. தாத்தா பி.டி.ராஜன் நீதிக்கட்சித் தலைவர், 1936-ல் சென்னை மாகாண முதல்வர். தந்தை பழனிவேல் ராஜன் 1996 முதல் 2001 வரை சபாநாயகர். 2006-ல் அமைச்சராகப் பதவியேற்ற சில நாட்களிலேயே காலமானார். மகன் லேமன் பிரதர்ஸ், ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் என வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு 2016-ல்தான் மதுரை மத்தியில் ஜெயித்து சட்டமன்றம் வந்தார்.

தென்னரசு நேர்மாறு. அமைச்சராக இருந்த தந்தை தங்கபாண்டியன் 1997-ல் இறக்க, அடுத்த ஆண்டே இடைத்தேர்தலில் அருப்புக்கோட்டை மகன் கைக்கு வந்தது. நுழைந்த விதத்தில் எனக்கு பிடிஆர் வழிதான் பிடிக்கிறது. தனக்கென ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார். அதற்காகத் தென்னரசுவை அப்பா பெயரில் பிழைப்பவர் என்று சொல்லிவிட முடியாது. 2001-ல் தொகுதி அதிமுகவுக்குப் போனது, 2006-ல் மீட்டார், பள்ளிக்கல்வி அமைச்சரானார். 2011-ல் திமுக வெறும் 23 இடங்களுக்குச் சுருங்கியபோதும் திருச்சுழியில் ஜெயித்தார். வீட்டுப் பெயர் மட்டும் அந்த வருடம் யாரையும் கரை சேர்த்திருக்காது.

சரி, நிதித் துறைக்கு வருவோம். பிடிஆர் செய்த முதல் பெரிய காரியம் மாநிலத்தின் நிதி நிலையை வெளிப்படையாகச் சொன்ன 2021 ஆகஸ்ட் வெள்ளை அறிக்கை. ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் என்று அரசே சொன்னது. சில நாட்களில் கலைவாணர் அரங்கில் காகிதமில்லா பட்ஜெட், பெட்ரோலுக்கு 3 ரூபாய் வரிக் குறைப்பு. சுமார் 62 ஆயிரம் கோடியாக இருந்த வருவாய்ப் பற்றாக்குறை ஏறக்குறைய 30 ஆயிரம் கோடிக்கு இறங்கியதாக 2023 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்தார். அதே பட்ஜெட்டில்தான் குடும்பத் தலைவிகளுக்கு மாதாமாதம் தரும் மகளிர் உரிமைத் தொகைக்கு 7,000 கோடி ஒதுக்கினார்.

அறிவித்தவர் அவர், பணம் கட்ட வேண்டியவர் தென்னரசு. முழு ஆண்டுக்கு அந்த ஒரு திட்டத்துக்கே 2024-25-ல் 13,720 கோடி ஒதுக்க வேண்டி வந்தது. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு ஒன்றிய அரசின் பங்கு வராமல் மாநிலமே செலவழித்துக்கொண்டிருந்த நேரம் அது. பற்றாக்குறை மீண்டும் 45 ஆயிரம் கோடிப் பக்கம் ஏறியதை வைத்து அவரைக் குறைத்துப் பேசுவது நியாயமே இல்லை. அந்த நெருக்கடியிலும் அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி போகும் பையன்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கு இடம் கண்டுபிடித்தார்.

இருந்தாலும் நிதிக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் பிடிஆரைத்தான் சொல்வேன். நோயைக் கண்டுபிடித்த வைத்தியரையே முழு ஐந்து ஆண்டும் மருந்து கொடுக்க விட்டிருக்க வேண்டும். தென்னரசுவின் கையில் தொழில் துறையும் குறையில்லாமல்தான் நடந்துகொண்டிருந்தது.