விளக்கை அணைத்தால் லேப்டாப்புக்கும் நிம்மதி: 'தி டார்க் மாட்'

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப்பில் விளையாடுகிறவனின் விமர்சனம் இது. நல்ல கணினி வைத்திருப்பவர்கள் என் புலம்பலில் பாதியைத் தாண்டிப் போய்விடலாம்.

'தி டார்க் மாட்' என்ற கணினி விளையாட்டு 2009-இல் 'டூம் 3' விளையாட்டுக்கான மாடாக (mod, அதாவது ஒரு விளையாட்டின் மேல் ரசிகர்கள் செய்யும் மாற்றுப் பதிப்பு) வந்தது. 2011-இல் டூம் 3-இன் எஞ்சினுடைய (விளையாட்டை ஓட்டும் அடிப்படை மென்பொருள்) நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 2013-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து டூம் 3 இல்லாமலே ஓடுகிறது. காசு கிடையாது. 1998-இல் வந்த 'தீஃப்' விளையாட்டை மறக்க முடியாத ரசிகர்களின் கைவேலை. நீங்கள் திருடன், இருட்டில் பதுங்கிப் போய்ச் சுருட்டிக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான். ரசிகர்கள் செய்த மிஷன்கள் (தனித்தனித் திருட்டு வேலைகள்) 150-க்கும் மேல் இருக்கின்றன, கேமின் மெனுவிலேயே இறக்கிக்கொள்ளலாம்.

புதிதாக வருகிறவர்கள் 'டியர்ஸ் ஆஃப் செயின்ட் லூசியா'விலிருந்து தொடங்கலாம். ஒரு தேவாலயத்துக்குள் நுழையும் வேலை. கல் தரையில் ஓடினால் காலடிச் சத்தம் காட்டிக்கொடுக்கும், கம்பளத்தில் நடந்தால் கேட்காது. ஹெட்போன் இல்லாமல் விளையாடாதீர்கள்.

இந்த எஞ்சினில் வெளிச்சமும் நிழலும் அந்தந்த நொடியில் கணக்கிடப்படுபவை. ஒரு சுவரில் மூன்று விளக்குகளின் ஒளி விழுந்தால் அந்தச் சுவரை ஒவ்வொரு விளக்குக்கும் ஒருமுறை வரைய வேண்டும். அதனால் நீர் அம்பு விட்டுத் தீப்பந்தத்தை அணைக்கும்போது எனக்கு ஒளிய இடம் கிடைக்கிறது, லேப்டாப்புக்கும் ஒரு வேலை குறைகிறது. (மின்விளக்கில் இந்த ஜம்பம் பலிக்காது, சுவிட்சைத் தேட வேண்டும்.) கையில் லாந்தரோடு சுற்றும் காவலாளிதான் இரட்டை எதிரி. அவன் நடக்க நடக்க நிழல் எல்லாம் நகர்கிறது, எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிட வேண்டும்.

கதவுகளின் கதை இன்னும் சுவாரசியம். மிஷன் செய்பவர்கள் வாசல்களில் 'விஸ்போர்ட்டல்' என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு தடுப்பை வைக்கிறார்கள். கதவு சாத்தியிருந்தால், வேறு வழியாகத் தெரியாதவரை, அந்தப் பக்கம் இருப்பதை எஞ்சின் வரைவதே இல்லை. சத்தமும் அந்த வழியாகத்தான் கணக்காகிறது, சாத்திய கதவைத் தாண்டினால் மங்கிவிடும். போதாததற்கு, சாத்தியிருக்க வேண்டிய கதவு திறந்து கிடந்தால் காவலாளிக்குச் சந்தேகம் வரும். ஆகக் கதவைச் சாத்திவிட்டு நகரும் திருடனுக்கு எல்லா வகையிலும் லாபம். மாளிகை, தேவாலயம், பாதாள அறை என்று நாலு சுவருக்குள் நடக்கும் மிஷன்கள் என் லேப்டாப்பில் அழகாக ஓடுவதற்கு இதுதான் காரணம்.

நகர மிஷன்களில்தான் சிக்கல். தெருவுக்குக் கதவு ஏது? கெட்டிக்கார வடிவமைப்பாளர்கள் சந்துகளைச் சட்டென்று வளைக்கிறார்கள், குறுக்கே ஒரு வளைவு வாயிலை வைக்கிறார்கள், பார்வை எட்டும் தூரம் குறைந்துவிடுகிறது. விளையாடும்போது அது பழைய ஊரின் கோணல் தெருவாகவே தெரியும், சிக்கனம் கண்ணில் படாது. ஆனால் திருடன் ஏறுவதற்குக் கயிறு தொங்கவிடும் அம்பு வைத்திருக்கிறானே! கூரையில் ஏறினால் பாதி ஊர் ஒரே பார்வையில் விழுகிறது, பிரேம்கள் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்) திக்கித் திணறுகின்றன. கூரையே வேண்டாம் என்று பூட்டிவிட்ட சில மிஷன்களையும் ஆடியிருக்கிறேன். வேகம் நன்றாக இருந்தது, விளையாடத்தான் மனம் வரவில்லை. கொஞ்சம் திணறினாலும் கூரை வேண்டும் என்பதே என் கட்சி.

2023-இல் வந்த 'தி பிளாக் பரேட்' இந்த விஷயத்தில் தப்பித்துக்கொள்கிறது. அது பழைய 'தீஃப்'இன் விரிவான பதிப்பான 'தீஃப் கோல்டு' மீது ஏறி ஓடும் 10 மிஷன் தொகுப்பு. பழைய எஞ்சினில் சுவர்களில் விழும் ஒளியும் நிழலும் முன்பே கணக்கிடப்பட்டுப் பதிந்திருப்பதால் பரந்த நகரத்தையும் சாதாரணக் கணினி தாங்குகிறது. பிரம்மாண்டம் வேண்டுமென்றால் அங்கே போங்கள். ஆனால் நான் பதுங்கியிருக்கும் மூலைக்கு லாந்தர் வெளிச்சம் கம்பி நிழல்களோடு ஊர்ந்து வரும் பயம் 'டார்க் மாட்'டில்தான் கிடைக்கிறது.

என்னைப் போன்ற லேப்டாப்காரர்கள் முதலில் மென்மையான நிழல்களையும் ஆம்பியன்ட் அக்லூஷனையும் (மூலை இடுக்குகளை மெல்ல இருட்டாக்கும் வசதி) நிறுத்துங்கள், அப்புறம் பொருள்களின் நுணுக்க அளவைக் குறையுங்கள். நிழலின் தரத்தைக் கடைசியில் தொட்டால் போதும்.